வடுப்பட்ட இருதயம்

"அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஆள் பழையபடி ஆகிவிட்டார்." மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவரைப் பற்றி நம் வீடுகளில் இவ்வாறு சொல்லக் கேட்கிறோம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஆறுதல் தரும் சொல் இது. ஆயினும் இதன் முற்பாதி மெய், பிற்பாதி மெய்யன்று. நாளத்தின் அடைப்பு ஒரு மணி நேரத்தில் நீங்கிவிடலாம். அடைப்பினால் புண்பட்ட இருதயமோ அதன் பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தன் வடிவை மாற்றிக்கொண்டே செல்கிறது. சட்டை அணிந்து தெருவில் நடமாடும் மனிதர் பழையவராகவே தோன்ற, உள்ளே இருதயம் வேறொன்றாகிக் கொண்டிருக்கிறது.

இம்மாற்றம் எதனால் நிகழ்கிறது? விதியாலா, முன்வினையாலா, உடலின் குற்றத்தாலா? தடுக்கக் கூடியதா? தடுக்கக் கூடியதெனின், தடுக்கும் கடமை யாருடையது? இவை மருத்துவர் விடையிறுக்க வேண்டிய வினாக்கள் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. இவற்றுள் அறத்தைச் சார்ந்த வினா ஒன்று அடங்கியிருக்கிறது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இருதயத்தில் நிகழ்வது யாது?

இருதயத்தின் நான்கு அறைகளுள் உடல் முழுமைக்கும் இரத்தத்தைச் செலுத்துவது இடது கீழறை. நலமுள்ள காலத்தில் அது நீள்முட்டை வடிவினது. முனை குறுகி, சுவர் தடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிச் சுருங்கும். தன்னுள் நிறைந்த இரத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை ஒரே துடிப்பில் வெளியேற்றும். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "பம்பிங் இவ்வளவு" என்று சொல்லுகிறார்களே, அது இந்தப் பங்கின் கணக்கேயாகும்.

ஊரெல்லாம் உணவு படைக்கும் இத்தசைக்கும் உணவு வேண்டும். அதனைக் கொண்டுவரும் நாளங்கள் இருதயத்தின் புறத்தே படர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று இரத்தக்கட்டியால் அடைபட்டால், அது ஊட்டி வந்த தசைப்பகுதி பட்டினியால் இறக்கத் தொடங்குகிறது. ஒரே கணத்தில் எல்லாம் இறந்துவிடுவதில்லை. ரெய்மர், ஜென்னிங்ஸ் முதலான அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977ஆம் ஆண்டில் நாய்களின் இருதயத்தை ஆய்ந்து, சாவு சுவரின் உட்புறத்தில் தொடங்கி, அலை போல வெளிப்புறம் நோக்கி மணிக்கணக்கில் நகர்கிறது என்று காட்டினர். ஆகவே அடைப்பை விரைவில் திறந்தால் சுவரின் பெரும்பகுதி பிழைக்கும். பல மணி நேரம் கழித்துத் திறந்தால் சுவரின் கனம் முழுவதும் பெரும்பாலும் இறந்துபோயிருக்கும்.

இறந்த தசையை ஈடு செய்யும் அளவுக்கு இருதயத்தில் புதுத் தசை முளைப்பதில்லை. உடல் அவ்விடத்தைத் துப்புரவு செய்து, ஒன்றிரண்டு மாதங்களில் நார் நிறைந்த வடுவால் நிரப்புகிறது. கிழிந்த துணியில் வைத்த ஒட்டுப் போன்றது அவ்வடு. கிழிசல் பெருகாமல் காக்கும். ஆனால் மற்ற இழைகளோடு சேர்ந்து நெகிழாது, சுருங்காது. வடு உறுதிப்படுமுன், முதற்சில நாட்களில், இறந்த சுவர் மெலிந்து நீண்டுவிடுவதும் உண்டு. அவ்வளவில் அறை சற்றுப் பெரிதாகிறது. வடிவ மாற்றத்தின் முதற்படி இது.

இரண்டாம் படியே நம் சிந்தனைக்குரியது. அது நிகழ்வது உயிரோடு எஞ்சியிருக்கும் நல்ல தசையில்.

நல்ல தசையின் துயரம்

உடலுக்கு வேண்டிய இரத்தத்தின் அளவு குறையவில்லை. செலுத்தும் தசையோ குறைந்துவிட்டது. எனவே எஞ்சிய தசை, இறந்ததன் பங்கையும் தன் தலைமேல் ஏற்கிறது. உடலும் அதனை முடுக்குகிறது. இருதயத்தை விரைவுபடுத்தும் அட்ரினலின் முதலியவற்றைப் பாய்ச்சுகிறது. நாளங்களை இறுக்கி, உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும் ஆஞ்சியோடென்சினைப் பெருக்குகிறது. காயம்பட்டுக் குருதி இழந்த ஒருவனைச் சில மணி நேரம் காப்பதற்கு இவை சிறந்த ஏற்பாடுகள். மாதக்கணக்கில் நீடிக்கும்போதோ இவையே சவுக்கடிகளாகின்றன. நல்ல தசை தடிக்கிறது, பின் நீள்கிறது. அறை விரிகிறது. முட்டை வடிவம் பந்து வடிவத்தை நோக்கிச் செல்கிறது.

அறை விரிந்தால் வரும் தீங்கு யாது? பெரிய பானைக்குக் கனத்த சுவர் வேண்டும் என்பதைக் குயவர் அறிவர். பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் லாப்லாஸ் இதன் கணக்கை வகுத்தார். உள்ளழுத்தம் மாறாதிருப்பினும், கலம் பெரிதாகுந்தோறும் சுவர் தாங்கும் இழுவிசை பெருகும். சுவர் மெலியுந்தோறும் இன்னும் பெருகும். ஆதலின் விரிந்த இருதயத்தின் ஒவ்வொரு தசையிழையும் முன்னினும் மிகுதியாக உழைக்கிறது. உழைத்து மேலும் விரிகிறது. விரிந்ததனால் மேலும் உழைக்கிறது. அறை உருண்டுபோனால் மைட்ரல் வால்வின் இதழ்களைப் பிடித்திருக்கும் நாண்கள் இழுபட்டு, வால்வு சரிவர மூடாமல் இரத்தம் பின்னோக்கி ஒழுகுவதும் உண்டு. பிறகு படியேறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. மாரடைப்புக்குப் பின் ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை முன்னறிவதில், சுருங்கிய நிலையிலும் அறை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்னும் அளவே தலையாயது என்று ஹார்வி வைட் என்னும் நியூசிலாந்து மருத்துவரும் அவர் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் நிறுவினர்.

யாம் நெசவாலையில் உழைத்தவர்கள். இச்செய்திகளைக் கற்கும்போது ஆலையில் கண்டதே எமக்கு உவமையாக வந்து நிற்கிறது. தறிக்காரர் ஒருவர் நோயுற்று வராவிட்டால் பதிலி ஆள் வைப்பது முறை. அவ்வாறு வைக்காமல், அவருடைய இரண்டு தறிகளையும் பக்கத்துத் தறிக்காரரிடமே ஒப்படைப்பார்கள். இரண்டு பார்த்தவர் நான்கு பார்ப்பார். முதல் வாரம் கணக்குப் புத்தகத்தில் ஒரு குறையும் தெரியாது. "ஆள் இல்லாமலே நடக்கிறதே" என்று மேலே இருப்பவர்கள் மகிழ்வார்கள். இரண்டாம் மாதம் பாவு அறுவது கண்ணில் படாமல் துணியில் குறை விழும். அதன்பின் நான்கு தறி பார்த்தவரே படுக்கையில் விழுவார். அவர் தறிகள் மூன்றாமவரிடம் போகும். முதலாமவர் நோயால் விழுந்தார். இரண்டாமவர் விழுந்தது எதனால்? மறுக்காமல் சுமந்ததால் அன்றோ?

இருதயத்தின் நல்ல தசையும் இவ்வாறே வீழ்கிறது. அதனிடம் சோம்பல் இல்லை, வஞ்சகம் இல்லை. அளவு கடந்த உழைப்பே அதன் அழிவுக்குக் காரணம். பிறர் சுமையையும் சேர்த்துச் சுமப்பவரை நாம் புகழ்கின்றோம். தகப்பன் இறந்தபின் குடும்பம் முழுவதையும் தாங்கும் தமக்கையைப் புகழ்கின்றோம். நோயுற்ற கணவனையும் வீட்டையும் வேலையையும் ஒருங்கே தாங்கும் மனைவியைப் புகழ்கின்றோம். புகழ்ந்துவிட்டு நம் வழியே போகின்றோம். அந்தப் புகழ்ச்சியில் ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. சுமக்கிறவரின் நற்குணத்தைக் காட்டி, சுமையைப் பகிர வேண்டிய நம் கடமையை நாம் கழித்துவிடுகின்றோம். சுமப்பது அவருடைய நற்குணமாகலாம். சுமையைக் குறைப்பது நம்முடைய அறம்.

சுமையைக் குறைக்கும் மருந்து

மருத்துவ நூலும் இவ்வுண்மையைப் பையப்பையவே கண்டது. தளர்ந்த இருதயத்தைத் தட்டி எழுப்ப வேண்டும் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் மார்க் பெஃபரும் ஜானிஸ் பெஃபரும் வேறு வழியைக் கண்டனர். மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு, ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் கேப்டோபிரில் என்னும் மருந்தைக் கொடுத்தபோது இருதய அறை அவ்வளவாக விரியவில்லை. பின்னர் 2,231 நோயாளிகளிடம் அதனைச் சோதித்து, முடிவை 1992இல் வெளியிட்டனர். மாரடைப்புக்குப் பின் பம்பிங் நூற்றுக்கு 40 அல்லது அதற்கும் கீழ் குறைந்தவர்கள் அவர்கள். சராசரி மூன்றரை ஆண்டுக் காலத்தில், மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 25 பேர் இறந்தனர். பெற்றவர்களில் 20 பேர் இறந்தனர். இம்மருந்தின் பிறப்பும் வியப்புக்குரியது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை 1960களில் செர்ஜியோ ஃபெரெய்ரா என்னும் அறிஞர் ஆய்ந்தார். அந்த நஞ்சு கற்பித்த பாடத்திலிருந்தே பின்னர் இம்மருந்தைச் செய்தார்கள்.

இன்னொரு வகை மருந்து அட்ரினலினின் தாக்குதலைத் தடுத்து நாடித்துடிப்பைத் தணிப்பது. தளர்ந்த இருதயத்துக்கு அதனைக் கொடுத்தால் ஆளே போய்விடுவார் என்று அஞ்சினார்கள். ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் வாக்ஸ்டைன் முதலான மருத்துவர் 1975ஆம் ஆண்டில் சிறிதளவில் கொடுத்துத் தொடங்கி, நன்மை கண்டதாக எழுதினர். அதனை உலகம் ஏற்றுக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று அது வழக்கமான சிகிச்சை.

இவ்விரு மருந்துகளும் இருதயத்துக்குப் புதிய வலிமை எதையும் ஊட்டுவதில்லை. ஒன்று சுமையை இறக்குகிறது. மற்றொன்று சவுக்கைப் பிடுங்குகிறது. அவ்வளவில், விரிந்த அறை பலருக்கு மேலும் விரியாமல் நிற்கிறது. சிலருக்குச் சுருங்கிப் பழைய வடிவை நோக்கித் திரும்புவதும் உண்டு. வடு வடுவாகவே இருக்கும். அதனைச் சூழ்ந்த நல்ல தசைக்கு இளைப்பாறுதல் கிடைக்கிறது.

இது யார் செய்த வினை?

நோய் வந்தவர் வீட்டில், "எல்லாம் முன்செய்த வினை" என்று சொல்லிச் செல்வோர் உளர். ஏழை வீட்டில் இச்சொல் இன்னும் உரக்கக் கேட்கும். இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனே என்போரைப் பற்றி மோலிய சீவகர் என்னும் துறவி வினவியபோது பகவான் புத்தர் அக்கூற்றை ஏற்கவில்லை. பித்தம், கோழை, வாயு, பருவ மாறுபாடு, முறையற்ற பழக்கம் முதலிய வேறு காரணங்களாலும் துன்பம் எழுவதைத் தாமே கண்டறியலாம் என்றார். சம்யுத்த நிகாயம் இதனைச் சொல்லுகிறது. காரணம் இருந்தால் காரியம் எழும். காரணத்தை விலக்கினால் காரியம் விலகும். சார்பிற்றோற்றம் என்று நாம் படிப்பது இதுவே. இருதயத்தின் வடிவத்துக்கும் இதனைப் பொருத்திப் பார்ப்போம்.

நம் பெங்களூரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர், பிரேம் பைஸ் முதலானோர் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு வந்த 20,468 இருதய நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தனர். வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர, பாதிப்பேருக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. சாவின் அலை சுவருக்குள் நகர்வதை மேலே சொன்னோமே, அந்த ஆறு மணி நேரமும் அது நகர்ந்துகொண்டே இருந்தது என்று கொள்க. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் செல்வரிடையே நூற்றுக்கு 5.5, ஏழையரிடையே 8.2. ஏழையின் இருதயம் வேறு தசையால் ஆனதோ? ஆராய்ச்சியாளர் இவ்வேற்றுமையின் காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தனர். நோயின் தன்மையில் உள்ள வேறுபாடு அதனை விளக்கவில்லை. பெற்ற சிகிச்சையில் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தவுடன் அவ்வேற்றுமை மறைந்துவிட்டது. ஏழையர்க்கு மருந்தும் அடைப்பு நீக்கும் சிகிச்சையும் குறைவாகக் கிடைத்தன. ஆகவே மிகுதியாக இறந்தனர்.

விதி என்று சொல்லப்பட்டது, எண்ணிப் பார்த்தபோது மனிதர் செய்யாமல் விட்ட செயலாக முடிந்தது. வண்டி கிடைக்காமல் கழிந்த நேரம், "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் கழித்த நேரம், பணம் புரட்டக் கழிந்த நேரம் ஆகிய ஒவ்வொன்றும் இருதயத்தின் சுவரில் எழுதப்படுகிறது. பிழைத்தவரின் இருதயம் எவ்வளவு விரியும் என்பதும் பெரும்பாலும் அந்நேரக் கணக்கையே பொறுத்திருக்கிறது.

மனிதர் செயலால் விளைந்ததை மனிதர் செயலால் மாற்றவும் இயலும். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை, சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, 2,420 நோயாளிகளிடம் ஒரு முயற்சி நடந்தது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி முதலான மருத்துவர் அதனை நடத்தினர். ஓராண்டுக்குள் இறப்போர் அதற்கு முன் நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது, 14.2 ஆகக் குறைந்தது. கர்நாடகத்திலும், 2021 அக்டோபர் 29 அன்று 46ஆம் வயதில் பெங்களூரில் திடீரென மறைந்த நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயரால் 'ஹிருதய ஜோதி' என்னும் திட்டத்தை அரசு நிறுவியது. தாலுகா மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி.யை ஜெயதேவா முதலிய பெரிய மருத்துவமனைகளில் உள்ளோர் உடனே பார்த்துச் சொல்ல, கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிடுவது அதன் முறை. நெஞ்சில் இறுக்கமும், வியர்வையும், இடது தோளிலோ தாடையிலோ பரவும் வலியும் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் புறப்படுவது நம் பங்கு.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையின் வேலை சில நாளில் முடிகிறது. இருதயத்தின் வேலை அன்றுதான் தொடங்குகிறது. இங்கேதான் நம்மவர் தவறிவிடுகின்றனர். வலி நின்றது, ஆகவே மாத்திரையும் நிற்கிறது. அறை விரிவது வலியில்லாமல் நிகழ்வது என்பதை அறியார்.

செயின்ட் ஜான்ஸ் குழுவினரே இதற்கும் ஒரு வழி தேடினர். 14 மருத்துவமனைகளில் மாரடைப்புற்ற 806 பேரைச் சேர்த்து, அவர்களுள் ஒரு பாதியினரை ஓராண்டுக் காலம் பயிற்சி பெற்ற நலப்பணியாளர் சந்தித்துப் பேசி வருமாறு செய்தனர். அப்பணியாளர் மருத்துவர் அல்லர். நம் தெருக்களில் உள்ளவர் போன்றோரே. மாத்திரையைத் தவறாது உட்கொண்டவர் அப்பாதியில் நூற்றுக்கு 97. மற்றப் பாதியில் 92. இம்முடிவு 2016இல் வெளியாயிற்று. ஒருவர் வந்து அமர்ந்து, "மருந்து இருக்கிறதா, நடக்கிறீர்களா, பீடியை விட்டீர்களா" என்று கேட்பதும் மருந்தின் பகுதியாகிறது. இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் இதனைச் செய்யலாம்.

நோயாளியைச் சுற்றியுள்ளோர் இரு வகையாகத் தவறுகின்றனர். சிலர், "பழையபடி ஆகிவிட்டார்" என்று மூட்டையைத் தூக்கச் சொல்கின்றனர். சிலர், "இனி இவர் எதற்கும் ஆகார்" என்று கட்டிலில் கிடத்திவிடுகின்றனர். மருத்துவரும் ஒரு காலத்தில் வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தனர். லெவைன், லவுன் என்னும் பாஸ்டன் மருத்துவர் 1952ஆம் ஆண்டில் நோயாளியை நாற்காலியில் அமர்த்திக் காட்டியபின் அவ்வழக்கம் தளர்ந்தது. வீணையின் நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை எழாது என்று சோணருக்குப் பகவான் அருளிய அறிவுரை இவ்விருதயத்துக்கும் பொருந்தும். மருத்துவர் சொன்ன அளவில் நாள்தோறும் நடக்க வேண்டும், அளவு மீறலாகாது. கைவிடப்பட்டவராக அவரை உணரச் செய்தலும் தீங்கே. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வுற்றோர் ஆறு மாதத்துக்குள் இறப்பது மற்றவரினும் மிகுதி என்று மான்ட்ரியால் நகரத்து ஆராய்ச்சியாளர் 1993இல் கண்டனர்.

வேலை கொடுப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டும். தெற்காசியாவில் முதல் மாரடைப்பு வருவது சராசரியாக 53ஆம் வயதில் என்றும், பிற நாட்டார்க்கு அது ஏறத்தாழ 59 என்றும் 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டிற்று. பிள்ளைகளின் படிப்பும் மகளின் திருமணமும் முடியாத வயது அது. மீண்டு வந்தவருக்கு இரவு ஷிஃப்ட்டை நீக்கி இலகுவான வேலை தருவது சலுகையன்று, சிகிச்சையின் தொடர்ச்சி.

அதே மனிதரா?

முதலில் எடுத்த கூற்றுக்கு வருவோம். அவர் பழையபடி ஆனாரா? பழைய இருதயம் என்று ஒன்று எவரிடமும் நிலைத்திருந்ததில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரியை அடையாளமாகக் கொண்டு, ஸ்டாக்ஹோம் நகரத்து அறிஞர் 2009இல் ஓர் உண்மையைக் கண்டனர். நலமுள்ள இருதயத்தின் தசையணுக்களும் மெல்ல மெல்ல மாறுகின்றன. 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. நோயுற்றவர்க்கு நிலையாமை திடீரென வெளிப்பட்டது. நமக்கு அது அரவமின்றி நடக்கிறது. இவ்வளவே வேற்றுமை.

நிலையாமை என்றவுடன் கைகட்டி அழுவோர் உளர். நிலையானதாக இருந்திருப்பின் வடுப்பட்ட இருதயம் விரிந்தது விரிந்தபடியே நின்றிருக்கும்; மருந்தாலும் மாறாது, அன்பாலும் மாறாது. மாறும் இயல்பு இருப்பதனால்தான் அது கெடவும் முடிகிறது, சீர்படவும் முடிகிறது. எத்திசையில் மாறும் என்பதை அதனைச் சார்ந்த காரணங்கள் முடிவு செய்கின்றன. அக்காரணங்களில் சில மருத்துவர் கையில், சில அரசின் கையில், சில நோயாளியின் கையில், சில நம் கையில் உள்ளன.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை அத்தகையோர் வீட்டுக்குச் செல்லுங்கால், பழையபடி ஆகிவிட்டாரா என்று கேளாதீர். மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவது யார் என்று கேளுங்கள். அவர் மனைவி இரவில் உறங்குகிறாரா என்று கேளுங்கள். அந்த வீட்டில் நல்ல தசையாக நின்று எல்லாவற்றையும் தாங்குபவர் அவரே. கேட்டபின், இயன்ற ஒரு சுமையை ஏற்றுக்கொண்டு திரும்புங்கள்.